பச்சை எரியும்போது சொன்னது

தவசிலிங்கத்தின் மூளையில் புற்றுக்கட்டி. அது இன்றைக்கு எவ்வளவு தலையெடுத்திருக்கிறது என்று விரலில் கிடந்த மோதிரம் ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடும். அதில் பச்சை விளக்கு எரிந்தால் பேசுவது அவர். சிவப்பு எரிந்தால் கட்டி. சிவப்பில் பேசிய விலை செல்லாது என்று அவர் மிளகாய் வியாபாரம் செய்யும் விருதுநகர் வத்தல் மண்டியே ஒத்துக்கொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்துச் சில பேரங்களிலிருந்து அவர் நழுவியதும் உண்டு.

"இனிமே சிவப்புதான் அடிக்கடி எரியும்" என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். பச்சை இருக்கும்போதே மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட அவருக்கு ஆசை. வாங்குகிற சரக்கைப் புகழ்ந்தால் விலை ஏறிவிடும் என்ற மண்டிப் பழக்கத்தில், வீட்டிலும் அவர் இதுவரை எதையும் புகழ்ந்ததில்லை.

"கனி, உன் ரசம் மாதிரி உலகத்துலயே கிடையாது. உன்னை மாதிரியும்தான்."

செல்வக்கனி கரண்டியைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். பச்சை. மோதிரத்தை முந்தானையால் துடைத்தாள், தட்டினாள். அப்போதும் பச்சை.

"மோதிரம் ரிப்பேருங்க! கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!"

"நாந்தான்டி பேசுறேன்!"

"நீங்க இப்படிப் பேசுற ஆளா? ஆட்டோவைக் கூப்பிடுறேன்."

வேறு வழியில்லாமல் தவசிலிங்கம் ரசத்தை இன்னொரு வாய் உறிஞ்சி முகத்தைச் சுளித்தார். "உப்பு கம்மி. புளி பழசு. பூண்டு எங்க போச்சு?"

செல்வக்கனிக்கு மூச்சு வந்தது. அவளும் மண்டிக்காரர் மகள்தான். வாங்காமல் போவதில்லை என்று முடிவுகட்டிய ஆள்தான் சரக்கில் இத்தனை குறை சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்ப முன்னாடி சொன்னதும் நீங்கதானா?" என்றவள், மோதிரத்தைப் பார்க்காமலே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.