மஞ்சளுக்கு வராது

நீலச் சதுரம்.

மணிக்கட்டில் சுருக்கென்றது.

திரை வெறுமையானது. அவள் குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தாள். தலையைச் சுற்றி ஸ்கேன் எந்திரம் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

மஞ்சள் சதுரம்.

ஒன்றும் வரவில்லை.

ஆனாலும் கால்விரல்கள் மடங்கிவிட்டன.

பயம் பிடித்தவர்களின் மூளை எதை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று படம் எடுக்கிறார்களாம். அவளைப் போல இன்னும் முப்பத்தொன்பது பேர். உள்ளே படுக்கவைப்பதற்கு முன்னால், ஆய்வுக்கூடத்துப் பெண் ஷெரின்தான் மணிக்கட்டில் ஷாக் கொடுக்கும் பட்டையைக் கட்டினாள். ஷாக்கை ஒவ்வொரு படியாக ஏற்றிக் கேட்டாள்.

"வலிக்குதாக்கா?"

"பரவால்லம்மா."

"இப்ப?"

"தாங்கிக்கலாம்."

"அக்கா, இது தாங்குற போட்டி இல்ல. பரிசெல்லாம் கிடையாது. போதும்னா போதும்னு சொல்லிடணும்."

நாலாவது படியில் போதும் என்றாள். இரண்டாவதிலேயே சொல்லியிருக்கலாம்.

நீலம். சுருக்.

நீலம். இந்தத் தடவை வரவில்லை. அதுவும் ஒரு மாதிரிதான்.

மஞ்சள்.

மஞ்சளுக்கு ஒருமுறைகூட வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலுக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், போன் அடித்தது. கணவர் நம்பர்தான். "வண்டியை எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தாள்.

பேசியது வேறு யாரோ.

அதற்குப் பிறகு எந்த மணி அடித்தாலும் அதே பயம்தான். பால்காரர், கேஸ்காரர், தவறான நம்பர். யாரானாலும் கால்விரல்கள் மடங்கிவிடும். போனை ஊமையாக்கிவிட்டாள். கோயம்புத்தூர் விடுதியில் இருக்கும் மகள் இலக்கியா எழுத்தில் மட்டும் வந்தாள். சாப்டேன். தூங்கப் போறேன். நீ?

இன்று காலையில் வந்தது கொஞ்சம் நீளம்.

அம்மா, ஒண்ணு சொல்லணும். எழுதினா சரியா வராது. கூப்பிடட்டா?

பதில் போடாமல்தான் இங்கே வந்து படுத்திருக்கிறாள்.

மஞ்சள்.

வராது, என்று கால்விரல்களிடம் சொன்னாள். குழந்தையிடம் சொல்வதுபோல, மனசுக்குள்.

மடங்கின.

மஞ்சள். வராது.

மஞ்சள். சொன்னேனே, வராதுன்னு.

எத்தனையாவது மஞ்சளோ. சதுரம் வந்தது, போனது. போன பிறகுதான் கவனித்தாள். விரல்கள் சும்மா இருந்தன.

வெளியே வந்ததும் தோட்டையும் வளையலையும் போனையும் ஷெரின் திருப்பிக் கொடுத்தாள்.

"பாஸாம்மா நான்?"

"இதுல பாஸ், ஃபெயில் இல்லக்கா."

அவள் ஒரு காதில் தோட்டை மாட்டினாள். இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஒருத்தருக்கு மட்டும் மணி வேற மாதிரி அடிக்க வைக்க முடியுமா? மத்ததெல்லாம் ஊமையாவே இருக்கட்டும்."

"வைக்கலாமே. யாருக்கு?"

"மகளுக்கு."

ஷெரின் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். புல்லாங்குழல். வீணை. ரயில். ஒரு தவளை.

"தவளையே இருக்கட்டும்."

"தவளையாக்கா? பஸ்ல அடிச்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"பாக்கட்டும். தவளை கத்தி எவனும் கெட்ட சேதி சொல்ல மாட்டான்."

ஷெரின் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவைத்தாள். வெறுங்கால் தரையில் சில்லென்றிருந்தது.

'கூப்பிடு' என்று எழுதினாள். அனுப்பினாள்.

போனை மடியில் வைத்தாள்.

கத்தியது.

பத்துக் கால்விரலும் மடங்கின.

பக்கத்தில் இருந்த பெரியவர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார்.

வராது, என்றாள் விரல்களிடம். மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் சொன்னாள்.

மறுபடி கத்தியது. சுண்டுவிரல் நிமிர்ந்தது. அதற்கடுத்ததும்.

மறுபடி.

கட்டைவிரல் இரண்டும் இன்னும் மடங்கித்தான் இருந்தன.

போதும்.

போனை எடுத்து, பச்சையைத் தள்ளினாள்.