விரல் நுனி

எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குப் போட்ட ஊசி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதனால் லாசரின் விரல் நுனிகள் மரத்துப்போயின. கேரம் பலகையில் போரிக் பவுடரைத் தூவித் தேய்த்தார். அதிலுள்ள போரான்தான் ஊசி மருந்திலும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்ட்ரைக்கரில் விரல் பட்டுவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சுண்டினார். காய்க்குப் பக்கத்தில்கூட அது போகவில்லை.

"இன்னா லாசரு, பாவம்னு விட்டுக் குடுக்கறியா?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஜலால்.

"நாளைக்கு ஊசி போட்டுக்கப் போறதில்ல."

ஜலால் ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் திரும்பத் தள்ளினார். "அப்ப நான் யாரோட ஆடறது? செவுத்தோடவா?"

லாசர் ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கீழுதட்டில் வைத்தார். அங்கே அது வழுவழுவென்று, சில்லென்று இருந்தது.