எறும்பை விட்டுப் பாசிக்குத் தாவினவர்

"என்னது, பாசியா?"

எறும்பம்மா கையில இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு மெதுவா மேஜையில வச்சாங்க. உள்ளே நாலாயிரம் எறும்பு. கோவத்துல போட்டு உடைக்கக்கூட வழியில்லை.

"ஆமா, பாசிதான். நாளையிலேருந்து கீழ்த் தளம். டைரக்டர் கையெழுத்துப் போட்டுட்டார்," ன்னார் எறும்பையா.

அந்த ஆராய்ச்சி நிலையத்துல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் அதுதான் பேர். பதினெட்டு வருஷமா ஒரே அறை, ஒரே எறும்பு. வந்த கட்டுரை அத்தனையிலும் ரெண்டு பேர் பேரும் ஜோடியா இருக்கும்.

"ஏங்க, புரொபசர் பதவிக்கு எனக்கு ரெண்டு தடவை கையை விரிச்சுட்டாங்க. அடுத்த வருஷம் கடைசி வாய்ப்பு. பாதி ஆராய்ச்சியில அம்போன்னு விட்டுட்டுப் போறீங்களே, நியாயமா?"

"எறும்பு போரடிச்சிடுச்சும்மா."

"பாசிதான் வேணும்னா நம்ம பாத்ரூம்ல இல்லாததா? தேய்ங்க தேய்ங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, அப்போ எங்கே போச்சு இந்த ஆசை?"

மனுஷன் சிரிச்சார். எரியுற நெருப்புல எண்ணெய்!

அப்புறம் எல்லாம் எறும்பம்மா தலையிலதான். தீனி போடணும், எண்ணணும், எது எதுன்னு தெரிய ஒவ்வொண்ணு முதுகுலயும் கலர்ப் புள்ளி வைக்கணும்.

"புள்ளி வைக்கவாவது ஒரு நாள் வாங்களேன்."

"கை நடுங்குதும்மா."

மறுநாள் கீழ்த் தளத்துல எட்டிப் பார்த்தா, அதே கை ஊசி முனையால பாசியை இழை இழையாப் பிரிச்சுக்கிட்டிருக்கு. சுத்தி எல்லாம் இருபத்தஞ்சு வயசுப் பசங்க. நடுவுல ஐம்பது வயசு, நோட்டும் பேனாவுமா.

'கிறுக்கு முத்திடுச்சு'ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க.

வழி தவறின எறும்பு எப்படிக் கூட்டுக்குத் திரும்புதுன்னு எட்டு மாசத்துல தனியாவே கண்டுபிடிச்சாங்க. கட்டுரை எழுதி, பழக்க தோஷத்துல அவர் பேரையும் சேர்த்து நீட்டினா, அவர் பேனாவை எடுத்துத் தன் பேரை அடிச்சார்.

"நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தலையே. என் பேர் எதுக்கு?"

"என் பேர் பக்கத்துல நிக்கக்கூடக் கசக்குதா?"

பத்து நாள் வீட்டுல தட்டு, டம்ளர்தான் பேசிக்கிச்சு.

கட்டுரை அவங்க பேர்ல மட்டும் வெளிவந்துச்சு. அடுத்த மாசம் புரொபசர் பதவி கிடைச்சிடுச்சு. உத்தரவை டைரக்டரே கூப்பிட்டுக் கொடுத்தார்.

"வாழ்த்துகள், புரொபசர்!"

"நன்றி சார். கட்டின புருஷன் நட்டாத்துல விட்டுட்டுப் போயும் நீந்திக் கரையேறிட்டேன், பாருங்க."

டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டினார்.

"அவர் சொல்லவே இல்லையா? போன ரெண்டு தடவையும் தேர்வுக் குழு உங்க விண்ணப்பத்துல ஒரே வரிதாம்மா எழுதுச்சு. 'எல்லாம் கணவரோட சேர்ந்து செஞ்சது, இதுல இவங்க மூளை எவ்வளவுன்னு தெரியலை'ன்னு. மனசு கேக்காம அதை உங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன்."

"காட்டினதும் கோவத்துல குதிச்சாரா?"

"இல்லை. 'எறும்பே இல்லாத பிரிவுல எங்கேயாவது ஒரு நாற்காலி காலியா இருக்கா சார்?'னு கேட்டார்."