பின்னால் ஓடும் கார்

பல்சக்கரத்தை அவள் தப்பான பக்கத்தில் மாட்டினாள்.

தெரிந்தேதான்.

சாப்பாட்டு மேசை முழுக்க ப்ளாஸ்டிக் கட்டைகள். சிவப்பு, கறுப்பு, சாம்பல். நடுவில், கட்டம் போட்ட தாளில் அவளே வரைந்த பிளான். சாதாரணக் கார் இல்லை, சூப்பர் கார். ஓட்டுவதற்கு ஒரு மோட்டார், ஸ்டியரிங்கைத் திருப்ப இன்னொன்று. நான்கு கியர். கதவு இரண்டும் மேல்பக்கமாகத் திறக்க வேண்டும்.

வங்கி மேலாளர் ஒருத்தி லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து செய்கிற வேலையா இது?

"ஏழு கழுத வயசாச்சு, இன்னும் பொம்மைக் காரா?" என்று அண்ணி கேட்டேவிட்டாள். கேட்டுவிட்டுத் தேங்காய்ச் சில்லுகளோடு சமையலறைக்குப் போனாள்.

மேசைக்கு எதிர்ப்புறம் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பார்வை ஜன்னலில். வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரி.

பக்கவாதம் வந்து பிழைத்தவன். நடை திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது.

"விரல்ல பலம் இருக்குதுங்க. அவருதான் மனசு வைக்க மாட்டேங்கறாரு. இப்ப விட்டுட்டா அப்புறம் வராதுங்க." பிசியோதெரபிஸ்ட் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

பிடித்து அமுக்கக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தால் மறுபடி அங்கேயே போனது. மாடிக்குக் கீழே அவனுடைய பல் ஆஸ்பத்திரி. ஷட்டர் இறங்கியே இருந்தது.

அவள் கெஞ்சிப் பார்த்தாள். கத்தியும் பார்த்தாள்.

அதற்கப்புறம்தான் இந்தக் காரை யோசித்தாள்.

சின்ன வயதில் அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது வீடு கட்டுகிற கட்டைப் பெட்டி. அண்ணனுக்கும் அவளுக்குமோ கார் வேண்டும். அதனால் கூரை ஓடு பானெட் ஆனது. வீட்டு ஜன்னல் கார் ஜன்னல் ஆனது, கொக்கியோடு. ரிப்பேரான டேப் ரெக்கார்டரிலிருந்து பிடுங்கிய மோட்டாரை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள்.

"பெரிசானதும் நெஜமான சூப்பர் கார் கட்டலாம்டி. கதவு ரெண்டும் றெக்க மாதிரி தூக்கும்," என்பான்.

பேட்டரி போடுவது அவள் பங்கு. ஒவ்வொரு தடவையும் திருப்பித்தான் போடுவாள். கார் பின்னால் ஓடும். அப்படியே இருக்கட்டும் என்பாள். அவள் செய்தது அவள் செய்தபடி இருக்க வேண்டும்.

தலை பின்னிக்கொண்டு திரும்பி வந்தால் கார் முன்னால் ஓடும்.

"யாரு தொட்டது?"

"நான் தொடவே இல்ல."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொல்வான். ஒரு தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவனால் முடியாது. ஒத்துக்கொள்ளவும் மாட்டான். அவள் அழுதுகொண்டே சமையலறைக்கு ஓடுவாள். "அம்மா, அண்ணன் என் காரைத் தொட்டுட்டான்!"

ஆட்டுக்கல்லை நிறுத்தாமலே அம்மா கேட்பாள். "தொட்டா தேஞ்சா போயிடும்?"

அப்போதெல்லாம் அவனைக் கடித்துக் குதறலாம் போல ஆத்திரம் வரும். இப்போது அந்த ஆத்திரத்துக்காகவே ஏங்கினாள்.

பேட்டரியைத் திருப்பிப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அதைச் சரிசெய்ய இடது கை ஒன்றே போதும்.

பல்சக்கரம் அப்படி இல்லை. பின் அச்சில் இடப்பக்கம் இருந்தால் கார் முன்னே போகும். வலப்பக்கம் இருந்தால் பின்னே போகும். மாற்ற வேண்டுமென்றால் ஒரு கை காரை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை அச்சை உருவ வேண்டும். ஒற்றைக் கையால் ஆகிற காரியமில்லை. அவளே முயன்று பார்த்துவிட்டாள்.

பட்டனை அழுத்தினாள்.

கார் கம்பீரமாகப் பின்னால் ஓடியது.

அண்ணன் பார்வை ஒரு கணம் மேசைக்கு வந்தது. புருவம் சுருங்கியது. மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டது.

"பரவால்ல, நல்லாத்தான் ஓடுது," என்று அவள் உரக்கச் சொல்லிக்கொண்டாள். "காபி கொண்டு வர்றேன்."

சமையலறையில் வேண்டுமென்றே நேரம் கடத்தினாள். பாலைப் பொங்கவிட்டாள். டம்ளரைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். அண்ணி போட்ட மிக்ஸி சத்தத்தில் கூடத்துச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே நல்லது. கேட்டிருந்தால் எட்டிப் பார்த்திருப்பாள், காரியம் கெட்டிருக்கும்.

திரும்பி வந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கார் அதே இடத்தில். கை மடியில். பார்வை ஜன்னலில்.

லீவு முடியப்போகிறது.

காபியை அவன் முன்னால் வைத்தாள். கார் மேசையிலிருந்து விழாமல் இருக்கப் பின்பக்கம் உள்ளங்கையைக் குழித்து வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தினாள்.

கார் முன்னால் ஓடியது.

நேராகப் போய் டம்ளரில் முட்டியது. காபி தாளின் மேல் பரவியது. பிடிப்பதற்கு அவள் பின்பக்கம் வைத்த கை வெறுமனே நின்றது.

அவள் காரைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். பல்சக்கரம் இடப்பக்கம். அச்சு முழுசாக உள்ளே, இறுக்கமாக.

"யாரு தொட்டது?"

குரல் அவளுக்கே சின்னப் பெண் குரலாகக் கேட்டது.

அண்ணன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"நான் தொடவே இல்ல."

காரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் சமையலறைக்கு ஓடினாள். கண்ணீர் முந்திக்கொண்டது.

"அண்ணி! அண்ணன் என் காரைத் தொட்டுட்டான்! ரெண்டு கையாலயும் தொட்டுட்டான்!"

மிக்ஸி நின்றது.