கல்வட்டத்தில் ஒரு சிட்டிகை

“துப்பு கோமளா, முழுங்கிடாதே” என்று கத்திக்கொண்டே அயர்லாந்துக் கல்வட்டத்துக்குள் ஓடினான் இளமாறன்.

அவன் மனைவி, ஒரு கல்லின் குழியில் கிடந்த சாம்பலை நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டிருந்தாள்.

“ஐயாயிரம் வருஷத்துக் கோயிலாச்சே, திருநீறுன்னு நெனச்சேங்க.”

“கற்காலத்தான் பொணச் சாம்பல் புதைச்ச இடம்டி. இப்போ ஒவ்வொரு கல்லையும் செத்தவங்க சாம்பலும் பதிவு பண்ணின குரலும் வைக்கக் குத்தகைக்கு விடறாங்க. இது போன மாசத்துச் சாம்பல்.”

கோமளா காறிக் காறித் துப்பினாள். “சீ, எந்தச் சனியனோட சாம்பலோ. போன மாசம்னு உங்களுக்கெப்படித் தெரியும்?”

இளமாறன் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். அதற்குள் ஆள் வந்ததை உணர்ந்த கல், தொண்டையைச் செருமியது.

“வந்துட்டியா மருமவளே? காப்பி எங்கே?”

சாம்பலை ராமேஸ்வரம் கடலில் கரைத்துவிட்டதாக அவளிடம் இளமாறன் சத்தியம் செய்திருந்த அவன் அப்பாவின் குரல் அது.