குழாயடி வரிசை

அந்த அடுக்ககம் எழுவதற்கு முன் அங்கே மில் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருந்தன. பொதுக்குழாய் நின்ற இடம் இப்போது பேஸ்மென்ட் பார்க்கிங். சிறுவாணித் தண்ணீர் வருகிற நாட்களில் அந்தச் சிமெண்டுத் தரையில் ஈர வளையங்கள் தெரியும், குடங்களை வரிசையாக வைத்து எடுத்ததுபோல.

“பைப்பெல்லாம் பாத்தாச்சுங்க கிருபாக்கா, எங்கயும் லீக் இல்லீங்க. நாளைக்கு டைல்ஸ் ஒட்டிப்போடறோம்,” என்றார் அசோசியேஷன் செயலாளர் ரியாஸ்.

கிருபா தலையாட்டினாள். அவள் பிறந்தது அந்த லைன் வீடுகளில் ஒன்றில். இங்கே ஃப்ளாட் வாங்கியதும் அதனால்தான். சிறுமியாக இருந்தபோது குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவிடுவாள். அம்மா ராசம்மாள் தன் குடத்தோடு அதையும் நகர்த்தி நகர்த்தி நிரப்பி வைப்பாள். அம்மா இறந்தபோது கிருபா துபாயில் இருந்தாள். வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

ரியாஸ் போனதும் வீட்டிலிருந்து ஒரு காலிக் குடத்தை எடுத்துவந்து கடைசி வளையத்துக்குப் பின்னால் வைத்தாள். வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பியபோது தரை காய்ந்திருந்தது. குடம் வரிசையின் முன்னால், பழைய குழாயடியில் இருந்தது. கழுத்துவரை தண்ணீர். தூக்கும்போது தளும்பாமலிருக்க அம்மா போடுவதுபோல் ஒரு வேப்பங்கொத்து மேலே மிதந்தது. அந்த வளாகத்தில் வேப்பமரம் கிடையாது.

கிருபா குனிந்து அதை எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் ஒடித்ததுபோல் காம்பு பச்சையாக இருந்தது.