இன்டர்வியூவுக்கு முதல் வரிசை

"அம்மா, இன்னும் கொஞ்ச நேரத்துக்கு யாரும் எதையும் தொடாதீங்க!"

கத்திட்டு அவ கட்டிலுக்கு அடியில தலையை விட்டா.

அங்கதான் அந்த நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி இருக்கு. ஏதோ ஆபீஸ் வேண்டாம்னு தள்ளிவிட்டதை செகண்ட் ஹேண்டுல அள்ளிட்டு வந்தது. ஓடுறப்ப ஹேர் டிரையர் மாதிரி இரையும். வீட்டு நெட் மொத்தமும் இப்ப அது வழியாத்தான் போகுது, வருது.

இன்னைக்கு வீடியோ கால்ல இன்டர்வியூ. நெட்வொர்க் இன்ஜினியர் வேலை.

போன வாரமே நடந்திருக்கணும். பேசிக்கிட்டு இருக்கும்போதே படம் உறைஞ்சு நின்னுடுச்சு. "உங்க நெட் சரியில்ல போலம்மா, இன்னொரு நாள் பாக்கலாம்"னு மேனேஜர் மேடம் வெச்சுட்டாங்க. நெட்வொர்க் வேலைக்கு வர்றவளுக்கு வீட்டு நெட்டே நொண்டினா எவன் வேலை குடுப்பான்? மானம் கப்பலேறிடுச்சு. இன்னைக்கும் நின்னா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

குத்தவாளி யாருன்னு அன்னைக்கே தீர்ப்பு ஆயாச்சு. தம்பி. கேம் டவுன்லோடு போட்டு மொத்த நெட்டையும் தின்னுட்டான். "நான் ஒண்ணுமே பண்ணலக்கா"ன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணான். யார் கேட்டா?

அதான் இப்ப ஸ்விட்சுல ஆக்சஸ் லிஸ்ட் எழுதறா. எந்த டேட்டா எந்த வரிசையில நிக்கணும்னு ரூல் போட்டுடலாம். இன்டர்வியூ லேப்டாப்பு முதல் வரிசை. வீட்டுல மத்ததெல்லாம் கடைசி வரிசை.

போட்டுட்டு சோதிச்சுப் பாத்தா, லேப்டாப்பும் கடைசி வரிசையிலயே போய் நிக்குது!

சே. ஸ்விட்ச் மேலேருந்து கீழ படிக்கும், முதல்ல எந்த ரூல் பொருந்துதோ அதோட நிறுத்திக்கும். இவ தம்பி மேல இருந்த கடுப்புல 'வீட்டுல எல்லாம் கடைசி'ங்கறதை மேல எழுதித் தொலைச்சுட்டா. லேப்டாப்பும் அதே வீட்டுலதானே இருக்கு.

மாத்திப் போட்டா. மேல லேப்டாப்பு, கீழ வீடு.

ஹால்லேருந்து அலறல் வந்துச்சு. "அக்கா! கேம்ல என் ஆளு செத்துட்டான்!"

"அடக்கம் பண்ணிடு!"

தலைமுடியில ஒட்டின தூசியைத் தட்டிட்டு லேப்டாப்பு முன்னால உக்காந்தா. மேடம் வந்தாங்க. கேள்வி வந்துச்சு. பதில் அருவி மாதிரி கொட்டுச்சு. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்ட கையோட மேடம் சிலையாயிட்டாங்க.

"உங்க... நெட்... மறுபடியும்..."

"சாரி மேடம்" தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. கை மட்டும் தன் பாட்டுக்கு ஸ்விட்ச் ஸ்கிரீனைத் திறந்துச்சு. ஒவ்வொரு ரூல் பக்கத்துலயும் ஒரு எண்ணிக்கை ஓடும். லேப்டாப்புலேருந்து போறது மளமளன்னு ஏறுது, ஒண்ணுகூட சிந்தல. மேடம்கிட்டேருந்து வர்றது மட்டும் ஆமை. ஆனா கடைசி வரிசையில கெடக்கற தம்பிக்கு இப்ப ஜம்முன்னு வந்துக்கிட்டிருக்கு.

அப்ப கோளாறு வீட்டுல இல்ல.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. என் பக்கம் எல்லாம் சுத்தமா இருக்கு. உங்க பக்கத்துலேருந்துதான் வர மாட்டேங்குது."

சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா. வேலை குடுக்கறவங்க மேலயே பழியைப் போட்டாச்சு. நல்லா வெளங்கிடும்.

ஃபோன் அடிச்சுது.

மேடம்தான். ஸ்கிரீன்ல இன்னும் சிலை, ஃபோன்ல விழுந்து விழுந்து சிரிப்பு.

"இந்த ரூம் கம்ப்யூட்டரை எங்க ஸ்விட்சுல கடைசி வரிசைக்குத் தள்ளினதே நான்தாம்மா. இன்டர்வியூ நடுவுல டெஸ்ட் பண்ணத்தான் வேணும்னே போடுவேன். போன வாரமும் அதான். எல்லாரும் சாரி சொல்லிட்டுப் போயிடறாங்க, ஒருத்தரும் எங்களைச் சந்தேகப்பட மாட்டேங்கறாங்க. இருங்க, அந்த ரூலை எடுத்துடறேன்."

"வேணாம் மேடம், விட்டுடுங்க," அவ ஒரே துள்ளலா எழுந்து நின்னா. "நானே வேலைக்கு வந்து எடுத்துக்கறேன்."